கத்திரி வெயிலில் வீட்டுக் குளம்: நிழலா, மோட்டாரா, வற்ற விடுவதா?

மாசி முடிந்து பங்குனி பிறந்ததும் காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரே மாதிரிக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். தோட்டத்தில் சின்னதாக ஒரு குளம் கட்டியிருக்கிறோம், அல்லி இருக்கிறது, கொஞ்சம் மீன் இருக்கிறது, தவளை தானாக வந்து சேர்ந்தது, இதெல்லாம் இந்தக் கோடையைத் தாண்டுமா, பச்சை வலை கட்டட்டுமா, தண்ணீருக்குள் குமிழி விடும் காற்று மோட்டார் வாங்கட்டுமா, வண்டித் தண்ணீர் அடிக்கட்டுமா, இல்லை பேசாமல் வற்ற விட்டுவிடட்டுமா என்று. கானாடுகாத்தானில் கேட்பவருக்கும் தேவகோட்டையில் கேட்பவருக்கும் ஒரே பதிலைச் சொல்லிவிட முடியாது. வெயில் எல்லோருக்கும் ஒன்றுதான். குளம் வேறு, வீடு வேறு, வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்பது எல்லாவற்றையும் விட வேறு.

இணையத்தில் தேடினால் கிடைப்பது பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியது. குளத்தின் மேல் ஐஸ் உறைந்துவிட்டால் என்ன செய்வது, மிதக்கும் பந்து போடலாமா, ஹீட்டர் வாங்கலாமா, சுத்தியலால் உடைக்கலாமா என்று போகும். (உடைக்கக் கூடாது, அந்த அதிர்ச்சி மீனுக்கு ஆகாது, வெந்நீர்ப் பாத்திரத்தை ஐஸ் மேல் வைத்து உருக்கி ஓட்டை போடச் சொல்வார்கள்.) வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அந்த வீடியோவைப் பள்ளத்தூரில் இருக்கும் அப்பாவுக்கு அனுப்பி வைப்பது ஒரு வேடிக்கை. ஆனாலும் அதில் நமக்கு உதவுகிற விஷயம் ஒன்று இருக்கிறது. தண்ணீர் 4 டிகிரியில்தான் அதிகக் கனமாக இருக்கும், அதனால் ஓரளவு ஆழமான குளத்தில் அடித்தண்ணீர் உறையாது, மீன் அங்கே போய் அசையாமல் கிடந்து குளிரைத் தாண்டிவிடும். ஐஸ் மூடிக்கொண்டு, அடியில் அழுகும் இலையிலிருந்து வரும் வாயு வெளியேற வழியில்லாமல், மேலே இருந்து காற்றும் இறங்காமல் போகும்போதுதான் ஆபத்து. மூச்சு முட்டித்தான் சாகிறது. நம் ஊர்க் கோடையிலும் பெரும்பாலான வீட்டுக் குளங்களில் நடப்பது இதேதான், ஐஸ் மட்டும் இல்லை.

## மீன் சாவது மத்தியானத்தில் இல்லை

தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்து நிற்கும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் வரை நிற்கும், 30 டிகிரியில் ஏழரை, 35-இல் ஏழு. குறைவது கொஞ்சம்தானே என்று தோன்றும். ஆனால் தண்ணீர் பத்து டிகிரி ஏறினால் மீனின் உடம்பு ஓடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது, அதாவது தேவை ஏறும்போது இருப்பு இறங்குகிறது. அடியில் கிடக்கும் இலை, சேறு, போட்டு மிச்சமான தீனி எல்லாமே சூட்டில் வேகமாக அழுகும், அழுகுவதற்கும் ஆக்சிஜன் வேண்டும்.

அப்புறம் ராத்திரி. பகலில் பாசியும் செடியும் ஆக்சிஜன் விடும், இருட்டியதும் அதுகளும் மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும், விடிகிற வரை எடுத்துக்கொண்டே இருக்கும். ஆக, ஒரு நாளில் குளம் மிகவும் காலியாக இருக்கும் நேரம் சூரியன் வருவதற்குச் சற்று முன்புதான். மத்தியானம் இரண்டு மணிக்குத் தண்ணீரில் கைவைத்துப் பார்த்துப் பதறுகிறவர்கள், சித்திரையில் ஒருநாள் விடியற்காலை ஐந்தரைக்கு டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். மீன் எல்லாம் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்து பிளந்து நிற்கும், நிழல் விழுந்தால்கூடச் சட்டென்று உள்ளே போகாது, குழாய் சொட்டும் மூலை இருந்தால் அங்கே மட்டும் நெருக்கியடித்து நிற்கும். நத்தைகள் சுவரில் நீர்மட்டத்துக்கு மேலே ஏறி ஒட்டியிருக்கும். ஏழரை மணிக்கு நீங்கள் காபி குடித்துவிட்டுப் போய்ப் பார்க்கும்போது வெயில் வந்து பாசி வேலையைத் தொடங்கி எல்லாம் சாதாரணமாகத் தெரியும். அதனால்தான் "நேற்று வரை நல்லாத்தான் இருந்துச்சு, இன்னைக்குக் காலையில மிதக்குது" என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

## எதையெல்லாம் வைத்துப் பார்க்கலாம்

எந்த வழியாக இருந்தாலும் நான் முதலில் கேட்பது: விடியற்காலை நாலு மணிக்கு இது வேலை செய்யுமா? அடுத்து, தண்ணீரின் சூட்டைக் குறைக்குமா, தண்ணீர் எவ்வளவு கேட்கும், மீனைத் தவிர மற்ற உயிர்களுக்கு, அதாவது தவளை, தட்டான், நத்தை, தண்ணீர் குடிக்க வரும் குருவி அணில் இதுகளுக்கு என்ன ஆகும். கடைசியாக ஒன்று, இது செட்டிநாட்டுக்கே உரியது: வீடு பூட்டிக் கிடந்தாலும் நடக்குமா? நம் பக்கத்தில் பாதி வீடுகள் வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டித்தான் இருக்கின்றன. ஆட்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள், வாட்ச்மேன் இரண்டு நாளைக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பார், அவரும் பார்ப்பது பூட்டைத்தான், மீனை இல்லை. ஆள் இல்லாததால் வரும் இந்தச் செலவு கடைக்காரர் சொல்லும் விலையில் வராது.

தண்ணீர்க் கணக்கைப் போட்டுவிடுவோம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் ஆவியானால் 1 லிட்டர் போனது. கோடையில் திறந்த தண்ணீர் நாளுக்கு 6, 7 மில்லிமீட்டர் தாராளமாக ஆவியாகும். 10 அடிக்கு 6 அடி குளம் என்றால் நாளுக்கு 40 லிட்டர், இரண்டு தண்ணீர் கேன். மாதத்துக்கு எட்டு அங்குலம் இறங்கும். பங்குனியில் ஒன்றரை அடி ஆழத்துக்கு நின்ற குளம், ஒன்றும் ஊற்றாமல் விட்டால், வைகாசி பிறந்த சுருக்கில் தரை தெரிந்துவிடும்.

| வழி | விடியற்காலை மூச்சு | சூடு குறையுமா | தண்ணீர்ச் செலவு | பூட்டிய வீட்டுக்கு |
|---|---|---|---|---|
| நிழல் | நேராக உதவாது, சுற்றிவளைத்துக் கொஞ்சம் உதவும் | நன்றாகக் குறையும் | மிச்சமாகும் | சரிப்படும், காற்று வரும் வரை |
| அல்லி | பாதி மூடினால் நல்லது, முழுக்க மூடினால் கெடுதல் | குறையும் | கொஞ்சம் மிச்சம் | சரிப்படும் |
| காற்று மோட்டார் | இதுதான் முதலிடம் | குறையாது | கொஞ்சம் கூடும் | ஆபத்து |
| தண்ணீர் ஊற்றுவது | ஊற்றும் விதத்தைப் பொறுத்தது | சற்றுக் குறையும் | இதுதான் செலவே | முடியாது |
| ஆழம் | தனியாக உதவாது | அடியில் குறையும் | குறையும் | சரிப்படும் |
| வற்ற விடுவது | மீனை முதலிலேயே மாற்ற வேண்டும் | பேச்சே இல்லை | ஒன்றுமில்லை | மிகவும் சரிப்படும் |

## நிழல்: கீற்றுப் பந்தலா, பச்சை வலையா

முதலில் செய்யக்கூடியது, செலவும் குறைவு. குளம் முழுவதையும் மூட வேண்டாம். காலை வெயில் விழட்டும், மதியம் பன்னிரண்டுக்கு மேல் மேற்கிலிருந்து வருவதை மட்டும் மறைத்தால் போதும். அல்லிக்கு நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் வெயில் வேண்டும், முழு நிழல் போட்டால் பூக்காது, இலை மட்டும் நீண்டு வெளுத்துப் போகும். வலைக் கடையில் 50, 75, 90 என்று எவ்வளவு வெயிலை மறைக்கும் என்பதைச் சதவீதமாகச் சொல்லி விற்பார்கள். "இருப்பதிலேயே கனமானதைக் கொடுங்கள்" என்று கேட்டு 90-ஐ வாங்கி வந்து கட்டிவிட்டு, பகலில் பாசிகூட ஆக்சிஜன் விடாத குளமாக்கிவிடுகிறார்கள். 50 போதும்.

தென்னங்கீற்று வலையை விடக் குளிர்ச்சி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வலையின் கீழே நின்றால் காற்று பச்சையாகத்தான் தெரியும், கீற்றின் கீழேதான் குளுமை தெரியும். ஆனால் கீற்று உதிரும். ஒரு கோடை முழுக்கத் தூளும் ஈர்க்கும் தண்ணீரில் விழுந்து ஊறி, தண்ணீர் டீ நிறத்துக்கு வந்துவிடும், அழுகல் கூடும். கட்டுவதற்கு ஆள் கிடைப்பதும் இப்போது முன்போல் இல்லை. குளத்தின் நேர் மேலே போடாமல், மேற்குப் பக்கம் தட்டி மாதிரி நிறுத்திக் கட்டினால் இந்தத் தொல்லை பாதியாகும்.

மறைந்திருக்கும் செலவு ஆடிக் காற்று. சித்திரையில் கட்டிய வலையை ஆனி முடிவதற்குள் அவிழ்த்துவிடவில்லை என்றால் கம்போடு பிடுங்கிக் குளத்திலேயே போட்டுவிடும், நீர்க்கோழியோ சாரைப் பாம்போ அதில் சிக்கிக்கொண்டால் பாவம். வலையைக் குளத்துத் தண்ணீரில் படுகிற மாதிரித் தாழக் கட்டவே கூடாது, பறவை இறங்கும் உயரம் விட்டுக் கட்டுங்கள்.

## அல்லி, வேலம்பாசி, அப்புறம் அந்த வெங்காயத்தாமரை

ஆள் இல்லாத வீட்டுக்கு என்னைக் கேட்டால் அல்லிதான். இலை தானே நிழல் கொடுக்கும், தட்டான் உட்காரும், தவளை ஏறி உட்காரும், கரண்ட் வேண்டாம். நீர்ப்பரப்பில் பாதியை மூடினால் சரியான அளவு, மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் இலையை அறுக்க வேண்டும். கத்திரியில் இலை ஓரம் கருகி அப்பளம் மாதிரி நொறுங்கும், அது நோய் இல்லை, ஆனால் அப்படிக் கருகிய இலையைத் தண்டோடு அடியில் கிள்ளி எடுத்துப் போட வேண்டும். தண்ணீரிலேயே விட்டால் அழுகி, காப்பாற்ற வைத்த செடியே மீனின் மூச்சைப் பிடுங்கும்.

வேலம்பாசி தண்ணீருக்குள்ளேயே இருக்கும், பகலில் ஆக்சிஜனைத் தண்ணீருக்குள்ளேயே விடும், தட்டானின் குஞ்சுகள் ஒளிந்து கொசுப் புழுவைப் பிடித்துத் தின்னும் இடமும் அதுதான். ராத்திரி அதுவும் ஆக்சிஜன் எடுக்கும் என்பதால் குளத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விட வேண்டாம்.

வெங்காயத்தாமரையை மட்டும் யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஊதாப் பூ அழகுதான். இரண்டு வாரத்தில் இரண்டு மடங்காகும் செடி அது, வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். குளம் முழுக்கப் பரவி விட்டால் குளிர்நாட்டு ஐஸ் செய்யும் வேலையைத்தான் செய்யும்: காற்று இறங்காது, வெளிச்சம் இறங்காது, அடியில் எல்லாம் இருட்டு. போதாததற்கு, திறந்த தண்ணீர் ஆவியாவதை விட அதன் இலை வழியாகப் போகும் தண்ணீர் அதிகம். நிழலுக்கு என்று போட்டு, தண்ணீரையும் இழந்து, பிடுங்கி வெளியே போட்டது மழையில் ஓடி ஊருணிக்குள் போய்ச் சேர்ந்தால் ஊர் முழுக்கத் திட்டு. மாட்டுக்கு என்று அசோலா வளர்க்கிறவர்களும் அதைத் தனித் தொட்டியில் வைத்துக்கொள்வது நல்லது, அதுவும் போர்வை போர்த்துகிற ரகம்தான்.

அல்லியின் செலவு ஒன்று இருக்கிறது, வாங்கும்போது யாரும் சொல்ல மாட்டார்கள்: நீரூற்று வைக்க முடியாது. இலைமேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தால் அல்லி நலிந்துவிடும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அல்லது இரண்டையும் எட்டத்தில் வைக்கிற அளவுக்குக் குளம் பெரிதாக இருக்க வேண்டும்.

## காற்று மோட்டார்

விடியற்காலைக் கணக்கை மட்டும் பார்த்தால் இதற்கு ஈடு கிடையாது. 18 வாட் மோட்டார் ஒன்றை ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஏழு வரை டைமர் போட்டு ஓட விட்டால் இரண்டு மாதத்துக்கு 10 யூனிட் ஆகும். நாள் முழுக்க ஓட விட்டாலும் 26. வீட்டு இணைப்புக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம் என்பதால் ஆள் குறைவாக இருக்கும் வீட்டில் பில்லில் தெரியவே தெரியாது. பகலில் ஓட்ட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை.

ஆனால் மீனை இதன் மேல் முழுக்க நம்பி வைத்துவிட்டால், கரண்ட் போகும் ராத்திரி மீனும் போகும். மோட்டார் இருக்கிறதே என்று கூடுதலாக மீன் விட்டிருப்பார்கள், அதுதான் உண்மையான ஆபத்து. கோடை இடி மழை அன்று கரண்டும் போகும், மேகமூட்டத்தால் அன்று பகலில் பாசி ஆக்சிஜன் விட்டதும் குறைவாக இருக்கும், மழைத் தண்ணீர் விழுந்து அடித்தண்ணீரும் கலங்கி மேலே வரும். மூன்றும் ஒரே ராத்திரியில். வீட்டில் ஆள் இருந்து ஒரு இன்வெர்ட்டரும் இருந்தால் சமாளிக்கலாம். பூட்டிய வீட்டில் டிரிப் ஆன சுவிட்சை யார் போடுவது?

சூரிய ஒளியில் ஓடும் சின்ன நீரூற்று மோட்டார்கள் இப்போது எங்கும் கிடைக்கின்றன, கரண்ட் பிரச்சினை தீர்ந்தது என்று வாங்குகிறார்கள். பேட்டரி இல்லாத ரகம் என்றால் வெயில் இருக்கும்போது மட்டும் ஓடும், பாசியே வேலை செய்யும் நேரத்தில். இருட்டியதும் நின்றுவிடும். மீனுக்குத் தேவையான நேரத்தில் லீவு போடும் வேலைக்காரன், அவ்வளவுதான். போதாததற்குத் தண்ணீரைச் சிதறடித்து ஆவியாவதையும் கூட்டும்.

வாங்குகிறவர்கள் இரண்டு விஷயத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டாரை நீர்மட்டத்துக்கு மேலே, நிழலில் வையுங்கள். தாழ வைத்தால் கரண்ட் போனதும் தண்ணீர் குழாய் வழியாகத் திரும்பி உள்ளே வந்துவிடும், வெயிலில் வைத்தால் உள்ளே இருக்கும் ரப்பர் சீக்கிரம் போய்விடும். நுரைக்கல்லைச் சேற்றில் புதைய விடாமல் ஒரு சாண் உயர்த்திக் கட்டுங்கள், இல்லாவிட்டால் சேற்றைக் கிளறி இருக்கிற ஆக்சிஜனையும் காலி செய்யும். அப்புறம் சத்தம். பகலில் கேட்காது. முற்றம் வைத்த வளவு வீட்டில் ராத்திரி பத்து மணிக்கு மேல் அந்த ரீங்காரம் சுவர் சுவராக நடந்து வரும், பட்டாலையில் படுத்திருக்கும் ஆச்சி முதல் நாளே பிடுங்கிப் போடச் சொல்லிவிடுவார்கள். கீழே ஒரு பழைய மிதியடியை மடித்து வைத்தால் பெருமளவு அடங்கும்.

## தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பது

பெரும்பாலானவர்கள் செய்வது இதுதான், வாரத்துக்கு ஒருமுறை ஹோஸைப் போட்டுவிட்டுப் போய்விடுவது. அந்த 40 லிட்டரை ஏழு நாள் சேர்த்து 280 லிட்டராக ஒரேயடியாக விடுவதை விட, தினமும் விடியற்காலை 40 லிட்டர் விடுவது மீனுக்குப் பல மடங்கு நல்லது. அதுவும் ஹோஸைத் தண்ணீருக்குள் முக்கி விடாமல், இடுப்பு உயரத்திலிருந்து ஒரு கல்லில் விழுந்து சிதறி இறங்குகிற மாதிரி விட்டால் அந்த நேரத்தில் அதுவே காற்று மோட்டார். போர்த் தண்ணீருக்கு இது கட்டாயம், ஏனென்றால் ஆழத்திலிருந்து வரும் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். வாய் அகன்ற அண்டாவில் பிடித்து ஒரு நாள் வெயிலில் வைத்துவிட்டு ஊற்றுங்கள். காரைக்குடிக்கு வரும் சம்பை ஊற்றுத் தண்ணீர் ருசியானதுதான், ஆனால் குழாயில் வரும்போது குளோரின் போட்டுத்தான் வரும், மீன் ருசி பார்ப்பதில்லை. வண்டித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள், உப்புத் தண்ணீர் அடித்துவிட்டுப் போன கதைகள் நிறைய.

உப்பு என்றதும் இன்னொன்று. ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர், உப்பு குளத்திலேயே நின்றுவிடும். நாம் ஊற்றுவது மறுபடி உப்போடு. மூன்று மாதம் இப்படியே போனால் சிமெண்ட் சுவரில் நீர்மட்டம் இறங்கிய இடத்தில் வெள்ளை வெள்ளையாக வரி தெரியும், விரலால் தேய்த்தால் மாவு மாதிரி வரும். அதைப் பார்த்துவிட்டால் இனி மேலே ஊற்றுவது மட்டும் போதாது, வாரத்துக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கைக் கீழிருந்து எடுத்து வாழைக்கோ தென்னைக்கோ விட்டுவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். ஆக உண்மையான தண்ணீர்ச் செலவு நாம் போட்ட கணக்கை விட அதிகம். ஐப்பசி கார்த்திகையில் முற்றத்துக் கூரையிலிருந்து விழும் மழையைத் தொட்டியில் பிடித்து மூடி வைத்திருக்கிற வீடுகளுக்கு இந்தத் தலைவலி இல்லை. அந்தக் கூரையே அதற்காகத்தான் உள்பக்கம் சரித்துப் போட்டது.

தெருவில் குடிக்கத் தண்ணீருக்குக் குடம் வரிசையில் நிற்கும் வாரத்தில் மீனுக்கு ஹோஸ் போடுவது எப்படியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த நிலைமை வருஷா வருஷம் வருகிற ஊர் என்றால் இந்த வழி உங்களுக்கு இல்லை.

## ஒரு மூலையை மட்டும் ஆழமாக்குவது

நல்ல வழி, ஆனால் இந்தக் கோடைக்கு உதவாது. குளத்தின் ஒரு மூலையை மட்டும் மூன்று, நாலு அடிக்கு இறக்கினால் மேல்தண்ணீர் கொதிக்கும்போது மீன் அங்கே போய் ஒதுங்கும். ஆவணி புரட்டாசியில், குளம் வற்றிக் கிடக்கும்போது, மழைக்கு முன் செய்ய வேண்டிய வேலை. நம் பக்கத்துச் செம்பராங்கல் தரையில் மண்வெட்டி இறங்காது, கடப்பாரை வேலை, கூலி அதற்கேற்ற மாதிரி. வீட்டுச் சுவரை ஒட்டிய குளத்தில் தோண்டவே தோண்டாதீர்கள். சின்னப் பிள்ளைகள் விடுமுறைக்கு வருகிற வீடு என்றால் மேலே கம்பிவலை போட்டே ஆக வேண்டும். அடியில் ஆக்சிஜன் இன்னும் குறைவாகத்தான் இருக்கும் என்பதால் ஆழம் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட முடியாது.

## வற்ற விடுவது

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. "காப்பாத்த வழி கேட்டா, காய விடச் சொல்றீங்களே."

நம் ஊர்க் கண்மாயும் ஊருணியும் கோடையில் வற்றுவது புதிதில்லை. வற்றும் தறுவாயில் சிங்கம்புணரி, பொன்னமராவதிப் பக்கம் மீன்பிடித் திருவிழா வைத்து ஊத்தாக் கூடையும் கையுமாக ஊரே இறங்கும். அப்படி ஆண்டாண்டாக வற்றி நிறையும் தண்ணீரில் வாழப் பழகியவைதான் இங்கத்து உயிர்கள். விராலும் குரவையும் பனையேறிக் கெண்டையும் தண்ணீருக்கு வெளியே இருக்கும் காற்றையே நேராக எடுத்து மூச்சு விடும், சேறு ஈரமாக இருக்கும் வரை தாக்குப் பிடிக்கும். தவளையில் பெரியது மண்ணுக்குள் புதைந்து மழை வரைக்கும் தூங்கும். காய்ந்த தரையைக் கிளறினால் நெல்லிக்காய் அளவு நத்தை கிடைக்கும், எடுத்துப் பார்த்தால் வாயில் பழுப்பு மூடி ஒன்றை இறுக்கிச் சாத்திக்கொண்டிருக்கும், நகத்தை விட்டு நெம்பினாலும் திறக்காது. செத்தது என்று தூக்கிப் போடாதீர்கள், தண்ணீர் பட்டால் திறந்துகொண்டு நடக்கும். தட்டான்கள் மழைக்குப் பின் வந்து முட்டை போட்டு, பல வகை வற்றுவதற்குள் குஞ்சு வளர்ந்து பறந்துவிடும்.

தாக்குப் பிடிக்காதவை நாம் காசு கொடுத்து வாங்கி விட்டவை: தங்கமீன், கோய், கடை மீன்கள். ஆக வற்ற விடுவது என்று முடிவு செய்தால், பங்குனியிலேயே, தண்ணீர் இன்னும் பாதி இருக்கும்போதே, அவற்றைப் பிடித்துப் பின்கட்டு நிழலில் ஒரு பெரிய தொட்டியில் மாற்றி வைக்க வேண்டும். முழங்கால் அளவு சேற்றில் நின்று சித்திரையில் பிடிக்கலாம் என்று தள்ளிப் போட்டால் பாதி அதிலேயே போய்விடும். இங்கேதான் பெரிய தப்பு நடக்கிறது. பாவம் பார்த்து ஊருணியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். கடை மீன் ஊருணியில் பெருகினால் அங்கிருக்கும் அயிரையும் கெண்டையும் காலி. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பதே நாட்டில் தடை செய்யப்பட்டது, அதை ஊருணியில் விடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். யாருக்காவது கொடுங்கள், இல்லை தொட்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பால் ஆமை தானாக வந்து குளத்தில் தங்கியிருந்தால் அதைத் தொட வேண்டாம். 1972 வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட உயிர், பிடித்துத் தொட்டியில் வைத்திருப்பதே குற்றம். அதுக்கு நடக்கவும் தெரியும், புதையவும் தெரியும்.

மறைந்திருக்கும் செலவு கொசு. முழுசாக நிறைந்து மீனும் தட்டான் குஞ்சும் இருக்கும் குளத்தில் கொசு பெருகாது, முழுசாகக் காய்ந்த குளத்திலும் பெருகாது. ஒரு சாண் தண்ணீர், மீன் இல்லை என்ற நடுநிலையில் ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து கொசுவாகிவிடும், டெங்கு ஒழிப்புக்காரர்கள் வந்து தெருவே பார்க்க மருந்து ஊற்றிவிட்டுப் போவார்கள். ஆகையால் கடைசி அரை அடியை அப்படியே விடாமல், ஒரே நாளில் வாளியால் இறைத்துத் தோட்டத்துக்கு விட்டுவிடுங்கள். சேறு கொஞ்சம் ஈரமாகவே இருக்கும், தவளைக்கும் நத்தைக்கும் அது போதும். மேலே படிந்த வண்டலை மேலோட்டமாகச் சுரண்டி மல்லிகைக்குப் போடலாம், ஆனால் அடிவரை வழித்து எடுத்தால் புதைந்திருப்பதெல்லாம் கூடவே போய்விடும்.

குளம் வற்றினாலும் பக்கத்தில் அகலமான மண்சட்டியில் குடிக்கத் தண்ணீர் வையுங்கள். பழக்கப்பட்ட குருவியும் அணிலும் வந்து பார்த்துவிட்டு ஏமாந்து போகும்.

## யாருக்கு எது

பூட்டிய வீடு, தங்கமீன் கிடையாது என்றால் அல்லியை ஒரு மண் தொட்டியோடு எடுத்து நிழலில் வைத்துவிட்டு வற்ற விடுங்கள், யோசிக்கவே வேண்டாம். பூட்டிய வீடு, ஆனால் கெண்டை மாதிரி நாட்டு மீன் நிற்கிறது, குளமும் மூன்றடிக்குக் குறையாது என்றால் மேற்கில் தட்டி, பாதி அல்லி, வாட்ச்மேனிடம் ஒரு வாளிக் கணக்கைச் சொல்லி அதற்குத் தனியாகக் காசு. இலவசமாகச் செய்வார் என்று எதிர்பார்த்துவிட்டு அவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

ஆள் இருக்கும் வீடு, தங்கமீன் மேல் பிள்ளைகளுக்கு உயிர் என்றால் மோட்டாரை ராத்திரிக்கு மட்டும் வையுங்கள், கூடவே 50 சதவீத வலையும். இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் ஒன்றரை அடிக்குக் குறைவான குளத்துக்கு நிழல், அதைவிட ஆழமானதற்கு மோட்டார். ஹோட்டலாக மாற்றிய பெரிய வீடுகளில் ராத்திரியும் ஆள் இருப்பார்கள், அங்கே நீரூற்றை ராத்திரி ஓட்டிப் பகலில் நிறுத்தச் சொன்னால் மேனேஜர் ஒரு மாதிரிப் பார்ப்பார், விருந்தாளி பகலில்தானே படம் எடுக்கிறார். இரண்டு நேரமும் ஓடட்டும், என்ன செய்வது.

எந்த வழியாக இருந்தாலும், நேர்ச் சுவர் வைத்த சிமெண்ட் தொட்டியில் தண்ணீர் இறங்க இறங்க உள்ளே விழுந்த தேரையோ அணில் குட்டியோ ஏற வழியில்லாமல் செத்துப் போகும். ஒரு பனை மட்டையையோ பழைய பலகையையோ சாய்த்து வைத்தால் போதும். கரையில் உடைந்த நாட்டு ஓடு நாலைந்தை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து அடுக்கி, சாயங்காலம் ஒரு செம்புத் தண்ணீர் தெளித்துவிட்டால் தவளைக்கு வீடு.

இன்று விடியற்காலையே மீன் வாயைப் பிளந்து நிற்கிறது, மோட்டாரும் இல்லை என்றால்: ஒரு வாளியால் அதே குளத்துத் தண்ணீரை மொண்டு மொண்டு தலைக்கு மேலே தூக்கி ஊற்றுங்கள், ஒரு பதினைந்து நிமிஷம். மேலே மூடியிருக்கும் இலையில் பாதியை அள்ளி வெளியே போடுங்கள். புதுத் தண்ணீர் விடுவதாக இருந்தால் கல்லில் சிதறி விழுகிற மாதிரி விடுங்கள், ஐஸ் கட்டி போடாதீர்கள். அன்றும் மறுநாளும் தீனி வேண்டாம்.